எத்தனை மாசத்துக்கு, சேர்?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து வாசியுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்கள் குறைந்தது "சரி, நம்ம நாடு" என்று தொடங்கும் பந்தியையாவது வாசியுங்கள். அதில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு கணக்கு இருக்கிறது.

போன மாதம் என்னிடம் படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். சாதாரண தரம் எழுதிவிட்டு, கொஞ்ச நாள் கடையில் நின்று, பிறகு மேல் மாகாணத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவன். அங்கே ஆறு வருஷம். ஓடர் குறைந்துவிட்டதாம். ஒரு நாள் காலையில் பெயர் கூப்பிட்டு, ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்கி, மூன்று மாதச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடிப்படைச் சம்பளம் 40,000. எல்லாம் சேர்த்து 240,000 ரூபா. பிள்ளைக்கு இரண்டு வயது. "இது எத்தனை மாசத்துக்கு வரும், சேர்?" என்று கேட்டான். நான் சரித்திரம் படிப்பிக்கிறவன், கணக்கு வாத்தியார் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கே ஒரு நீளமான சரித்திரம் இருக்கிறது. வேலை போனவனுக்கு எத்தனை நாள் கை கொடுப்பது என்ற கேள்வியால் அரசாங்கங்கள் விழுந்திருக்கின்றன.

இதை முதன்முதலில் நாடு தழுவிய சட்டமாக எண்ணில் எழுதியது பிரித்தானியா, 1911இல். தேசிய காப்புறுதிச் சட்டம் என்று பெயர். கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற சில துறைகளுக்கு மட்டும். தொழிலாளி வாரம் இரண்டரைப் பென்ஸ், முதலாளி இரண்டரைப் பென்ஸ், அதோடு அரசாங்கத்தின் பங்கு. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், வருஷத்துக்கு ஆகக்கூடியது 15 வாரம். ஐந்து வாரம் சந்தா கட்டியிருந்தால் ஒரு வாரக் கொடுப்பனவு என்பது கணக்கு. அந்த 15 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒருவனுக்கு இன்னொரு வேலை கிடைக்க எவ்வளவு நாள் எடுக்கும் என்பதிலிருந்து வந்ததல்ல. பெட்டியில் சேரும் சல்லிக்கு எத்தனை வாரம் தாங்கும் என்பதிலிருந்து வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம்ம நாட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

முதலாம் உலகப் போர் முடிந்து 1920இல் அந்தச் சட்டத்தைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு விரித்தார்கள். அடுத்த வருஷமே வேலையில்லாதோர் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். போர்க்களத்திலிருந்து திரும்பிய மனிதனிடம் "உன் 15 வாரம் முடிந்துவிட்டது, போ" என்று சொல்ல எந்த அமைச்சருக்கும் துணிவில்லை. காலத்தை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள். பெட்டி கடனில் மூழ்கியது. 1930 மார்ச்சில் ஜேர்மனியில் ஹெர்மன் முல்லரின் கூட்டரசாங்கம் வேலையிழப்புக் காப்புறுதிச் சந்தாவை எவ்வளவு கூட்டுவது என்ற சண்டையில் உடைந்தது. அதற்குப் பிறகு வந்தது எந்தக் காலம் என்று உங்களுக்குத் தெரியும். 1931 ஓகஸ்டில் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசாங்கம் இந்தக் கொடுப்பனவில் பத்து வீதம் வெட்டுவதா என்பதில் பிளந்து விழுந்தது. அந்த வருஷக் கடைசியில் புது விதி வந்தது. 26 வாரம் வரை உரிமை. அதற்கு மேல் வேண்டுமென்றால் வீட்டைச் சோதிப்பார்கள். மகன் உழைக்கிறானா, மகள் உழைக்கிறாளா, வீட்டில் விற்கக்கூடிய சாமான் இருக்கிறதா என்று ஆள் வந்து பார்ப்பான். மகனின் சம்பளத்தால் வாப்பாவின் கொடுப்பனவு வெட்டுப்பட்டது. பிள்ளைகள் வீட்டைவிட்டு வேறு அறை எடுத்துப் போன கதைகள் அந்தக் காலத்து ஆங்கிலேயத் தொழிலாளர் ஊர்களில் நிறைய. அஸ்வெசும கணக்கெடுப்புக்காக வாசலில் நின்று பதில் சொன்ன நம் தாய்மாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதே வருஷங்களில் ஒஸ்ரியாவில் மரியந்தால் என்ற ஒரு நெசவு ஊர். ஊர் முழுக்க ஒரே ஒரு துணி ஆலையை நம்பியிருந்தது. ஆலை மூடியது. மரி யஹோடா, போல் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற இளம் ஆய்வாளர்கள் அங்கே போய், வீடு வீடாக எழுதி, 1933இல் புத்தகமாக வெளியிட்டார்கள். சும்மா இருக்கும் நேரம் கூடியது, ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தையே கடிகாரம் வைத்து அளந்தார்கள். நடை மெதுவாகியிருந்தது, நின்று நின்று போனார்கள். முக்கியமான விஷயம் இதுதான்: மனம் உடையாத குடும்பங்களில் ஆளுக்கு மாதம் சராசரி 34 ஷில்லிங் வருமானம் இருந்தது. எல்லாவற்றையும் கைவிட்டுக் கிடந்த குடும்பங்களில் 19. முதலில் காப்புறுதிக் கொடுப்பனவு, பிறகு அவசர உதவி, பிறகு ஒன்றுமில்லை என்று படிப்படியாகச் சல்லி இறங்க இறங்க மனமும் இறங்கியது. "சல்லி குடுத்தா சோம்பேறியாவான்" என்று சொல்பவர்கள் மரியந்தாலை ஒரு தரம் நினைக்க வேண்டும். அங்கே சல்லி குறைந்தபோதுதான் மனிதன் எழும்பாமல் போனான்.

சரி, நம்ம நாடு. இலங்கையில் இன்றுவரை தொழிலாளி சந்தா கட்டி, வேலை போனால் மாதா மாதம் எடுக்கும் காப்புறுதி கிடையாது. நாம் வேறு பாதையில் போனோம். 1971இல், ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே வருஷம், சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் 45ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஊழியர்களின் வேலையை முடிவுறுத்தல் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்கக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம். அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்துமூல முன் அனுமதி. நட்டஈடு எவ்வளவு என்பதை ஆணையாளர் தன் விருப்புக்கு முடிவு செய்தார். ஆளுக்கொரு தீர்ப்பு, வருஷக்கணக்கில் இழுபாடு. 2003இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2005இல் வர்த்தமானியில் கணக்கு வந்தது. முதல் 5 வருஷ சேவைக்கு வருஷத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறாவது வருஷத்திலிருந்து 14ஆவது வரை வருஷத்துக்கு 2 மாதம். பிறகு ஒன்றரை, ஒன்று, அரை என்று இறங்கி, ஆகக்கூடியது 48 மாதம். தொகைக்கு உச்ச வரம்பு 12.5 இலட்சம், 2021இல் அது 25 இலட்சமாக்கப்பட்டது. இப்போது அந்தத் தம்பியின் கணக்கைப் போடுங்கள். ஐந்து வருஷத்துக்குப் பன்னிரண்டரை, ஆறாவது வருஷத்துக்கு 2, மொத்தம் பதினாலரை மாதம். 40,000ஆல் பெருக்கினால் 580,000 ரூபா. பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் வேறு சட்டம், வருஷத்துக்கு அரை மாதம், அது தனி. அவன் கையில் கிடைத்ததோ மூன்று மாதம். ஏன்? காலையில் வைத்த அந்தக் கையொப்பம். சட்டத்தின் கண்ணில் அவன் "சம்மதித்து" விலகியவன். "என்ன எழுதியிருந்தது, வாசிச்சியா?" என்று கேட்டேன். "சிங்களத்தில இருந்தது சேர், எல்லாரும் வெச்சாங்க, நானும் வெச்சன்" என்றான். அவனுக்கு வாசிக்கப் படிப்பித்த நானும் அந்த இடத்தில் கொஞ்சம் கூசித்தான் போனேன்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: விலகல் கடிதத்தில் கையொப்பம் வைக்க முன் ஒரு நாள் அவகாசம் கேள், படமெடுத்து வீட்டுக்கு அனுப்பு, தொழில் திணைக்களத்தில் விசாரி.

நான் இந்தச் சட்டத்தை வசை பாட வரவில்லை. 1971இன் நிலைமையை நினைக்க வேண்டும். அந்த வருஷமே டட்லி சீயர்ஸ் என்பவரின் தலைமையில் சர்வதேச தொழில் அமைப்பின் குழு ஒன்று வந்து இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தது. வேலையில்லாதோரில் பெரும்பகுதி முதல் வேலையையே இன்னும் காணாத படித்த இளைஞர்கள். அவர்களுக்குச் சந்தா கட்டும் காப்புறுதியால் ஒரு பயனும் இல்லை, கட்ட வேலை இருந்தால்தானே. உள்ள வேலையையாவது போகவிடாமல் கதவைப் பூட்டுவோம் என்று நினைத்தார்கள். ஆனால் கதவுக்குப் பூட்டுப் போட்டவர்கள், வெளியே விழுந்தவன் எத்தனை நாளில் எழும்புவான் என்பதை எண்ணவில்லை. நமது சட்டம் பின்பக்கம் பார்த்து எண்ணுகிறது: நீ எத்தனை வருஷம் உழைத்தாய்? முன்பக்கம் பார்த்து, உனக்கு அடுத்த வேலை கிடைக்க எத்தனை மாதம் எடுக்கும் என்று அது கேட்பதே இல்லை. 20 வருஷம் உழைத்தவருக்கு 39 மாதச் சம்பளம் ஒரே காசோலையில். ஒரு வருஷம் உழைத்த பெண் பிள்ளைக்கு இரண்டரை மாதம். அவளுக்கு வேலை தேட எடுக்கும் காலம் அவரைவிடக் குறைவு என்று யார் சொன்னது?

15 பேர் என்ற எல்லையும் இருக்கிறதே. நமது பிரதான வீதியில் கல்முனை வரை நடந்து போங்கள். புடவைக் கடை, பேக்கரி, ஹோட்டல், போன் கடை. 15 பேர் வேலை செய்யும் கடைகளை விரல் விட்டு எண்ணலாம். அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

என் உம்மாவின் வாப்பா மருதமுனையில் தறி வைத்திருந்தவர். 1977க்கு முன்னர் இறக்குமதித் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. கூட்டுறவுச் சங்கம் ஊடாக நூல் வரும், நெய்த சாரனுக்கும் சாரிக்கும் சந்தை இருந்தது. திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுத் துணி மலிவாக இறங்கியது. அடுத்த வருஷம், 1978 நவம்பர் 23, சூறாவளி. தறிக் கொட்டிலின் கிடுகும் போனது, சந்தை முன்னமே போய்விட்டது. அவரை யாரும் வேலை நீக்கவில்லை. கடிதம் கொடுக்க முதலாளியே இல்லை. எந்தச் சட்டப்படியும் அவர் வேலை இழந்தவர் அல்லர். பாய்களைச் சைக்கிளில் கட்டி விற்கப் போனதாக உம்மா சொல்லுவார். மரியந்தாலைப் பற்றி எழுத மூன்று பேர் போனார்கள். மருதமுனையின் அந்த இரண்டு வருஷங்களை எழுத யாராவது போனார்களா?

முன்பக்கம் பார்த்துக் காலம் குறித்த உதவி நமது நாட்டில் இல்லாமலில்லை. ஆனால் அது வேலை இழந்தவனுக்கு என்று வரவில்லை, ஏழைக்கு அல்லது அனர்த்தத்துக்கு என்று வந்தது. 1989இல் ஆரம்பித்த ஜனசவியவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா பெறுமதி. அதில் 1,458 சாப்பாட்டுக்கு, 1,042 சேமிப்புக்கு. 24 மாதம். முடிவில் 25,000 ரூபா முதலாக இருக்கும், அதை வைத்துத் தொழில் செய்து எழும்பிவிட வேண்டும் என்பது பிரேமதாசாவின் கனவு. நான் படித்தவரையில் இலங்கையில் "இத்தனை மாதம், அதற்குள் இன்னது நடக்க வேண்டும்" என்று காரணத்தோடு எழுதப்பட்ட காலக்கெடு அது ஒன்றுதான். திட்டத்தில் குறைகள் ஏராளம். சுற்றுச் சுற்றாகப் போனதில் நாடு முழுவதையும் அது தொடவில்லை. 1995இல் சமுர்த்தி வந்து அதை மூடியது. ஆனாலும் அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

பிறகு சுனாமி. எனக்கு அப்போது வயது பதினான்கு. நம் ஊரில் அதைப் பற்றி நான் விபரிக்கத் தேவையில்லை. நான் சொல்ல வருவது கூப்பனைப் பற்றி. ஆளுக்கு வாரம் 375 ரூபா: 200 காசு, 175க்கு உலர் உணவு. அதோடு குடும்பத்துக்கு மாதம் 5,000, நாலு மாதத்துக்கு என்றார்கள். முதல் இரண்டு தவணை பரவலாகக் கிடைத்தது. மூன்றாவதுக்கு வந்தபோது பட்டியலைச் சுருக்கினார்கள். வங்கி வரிசையில் வாப்பாவோடு நின்ற எனக்கு ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம். பெரியவர்கள் யாரும் "எவ்வளவு?" என்று கேட்கவில்லை. "அடுத்தது இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். தொகை குறைவாக இருந்தாலும் இத்தனை மாதம் நிச்சயம் என்று தெரிந்தால் மனிதன் திட்டம் போடுவான். வருமா வராதா என்று தெரியாவிட்டால் வரிசையிலேயே நாள் போகும். கடலுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் பட்டியலில் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கொவிட் காலத்திலும் அதுதான். 2020 மே மாதத்தில் அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்றும் உட்கார்ந்து, வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது என்று முடிவெடுத்தார்கள். முதலில் மே, ஜூன் இரண்டு மாதத்துக்கு. பிறகு நீட்டினார்கள், பிறகு மறுபடி நீட்டினார்கள். 1921இன் லண்டன் மாதிரியே.

வெளியே என்ன நடக்கிறது என்றும் பார்ப்போம். சர்வதேச தொழில் அமைப்பின் 1952 சமவாயம் ஆகக்குறைந்தது 13 வாரம் என்கிறது, 1988 சமவாயம் அதை 26 வாரத்துக்கு உயர்த்தியது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரம், 2008 நெருக்கடிக்குப் பிறகு சில இடங்களில் 99 வாரம் வரை போனது. இந்தியாவில் அரச காப்புறுதியில் சேர்ந்த தொழிலாளிக்கு 2018இலிருந்து 90 நாள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமானது டுபாய். ஐக்கிய அரபு அமீரகம் 2023 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவரையும் சேர்த்து வேலையிழப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹமுக்கு உட்பட்டவருக்கு மாதம் 5 திர்ஹம் சந்தா. வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தின் 60 வீதம், மூன்று மாதம். ஆனால் அந்த நாட்டுக்குள் இருந்தால்தான். விமானம் ஏறி வீட்டுக்கு வந்தால் இல்லை. சாய்ந்தமருதிலிருந்து போன பிள்ளை அங்கே சந்தா கட்டுகிறான், இங்கே வந்து இறங்கும்போது கையில் பெட்டி மட்டும்.

நீண்ட காலம் கொடுத்தால் வேலை தேடுவது தாமதிக்கும் என்பதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதே ஒஸ்ரியாவில் 2007இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, கொடுப்பனவை 20 வாரத்திலிருந்து 30 வாரமாக்கியபோது ஆட்கள் வேலையில் சேரும் வேகம் கொஞ்சம் குறைந்ததைக் காட்டியது. ஆனால் இரண்டு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்தாலும் அதே போல் குறைந்தது. மொத்தப் பணத்தை வேலை கிடைத்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லையே, பிறகு ஏன் தாமதம்? கையில் மூச்சு விட இடம் இருந்தால் மனிதன் கிடைத்ததில் விழாமல் கொஞ்சம் பார்த்துத் தேடுகிறான். அதைச் சோம்பல் என்பதா நிதானம் என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

பெவரிட்ஜ் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1911 சட்டத்தின் பின்னால் இருந்த இளம் உத்தியோகத்தர்களில் ஒருவர், பிறந்தது இன்றைய பங்களாதேஷின் ரங்பூரில். 1942 அறிக்கையில் அவர் கேட்டது வேறு: கால எல்லையே வேண்டாம், ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு பயிற்சிக்குப் போக வேண்டும். நாடாளுமன்றம் 1946இல் அதைக் கேட்கவில்லை, 30 வாரம் என்று வெட்டியது.

இதே கேள்வியை நமது இமாம்களும் ஸகாத் அத்தியாயத்தில் கேட்டிருக்கிறார்கள். ஏழைக்கு எவ்வளவு காலத்துக்குப் போதுமானதைக் கொடுப்பது? ஒரு வருடத் தேவை என்பது ஒரு கருத்து, இமாம் கஸ்ஸாலி அதையே நடுநிலை என்பார். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி எடுத்தெழுதும் கருத்து இன்னும் தூரம் போகிறது. தொழில் தெரிந்தவனுக்கு அந்தத் தொழிலின் கருவியை வாங்கும் அளவு கொடு, வியாபாரிக்கு அவன் வியாபாரத்துக்கேற்ற முதலைக் கொடு, அதன் பெறுமதி சிறிதானாலும் பெரிதானாலும் சரி. அதாவது எண்ண வேண்டியது மாதத்தை அல்ல, அவன் மறுபடி தன் காலில் நிற்கும் நாளை. நமது மஹல்லாக்களில் நோன்பு காலத்தில் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போது இந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லையோ என்று தோன்றும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஆறு மாதம். 26 வாரம் என்று உலகம் சொல்வதால் மட்டும் அல்ல. நமது கரையோரத்தில் வாழ்க்கை போகத்தால் ஓடுகிறது. பெரும்போகம் தவறினால் சிறுபோகம். கரைவலையும் பருவம் பார்த்துத்தான். ஊருக்குத் திரும்பிய ஒருவன் ஒரு போகம் முழுவதையும் கண்டால்தான் இங்கே தனக்கு இடமிருக்கிறதா, வெளியே போக வேண்டுமா என்று முடிவெடுக்க முடியும். மாதா மாதம் வர வேண்டும், முதல் நாளிலேயே கடைசித் தவணையின் திகதி தெரிய வேண்டும். சல்லிக்கு எங்கே போவது என்பீர்கள். முதலாளிமார் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 1981இலிருந்து சம்பளத்தின் 3 வீதத்தைக் கட்டி வருகிறார்கள், அந்தக் கதவிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம். தறிக்காரருக்கும் கடைப் பிள்ளைக்கும் அது போதாது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

அந்தத் தம்பியிடம் 240,000ஐ எட்டாகப் பிரித்து, மாதம் 30,000க்கு மேல் தொட வேண்டாம் என்றேன். நம்பிக்கைப் பொறுப்பு நிதியப் பணத்தை வேலை விட்டாலே எடுக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். சேமலாப நிதியம் 55 வயதில்தான். கடிதத்தின் பிரதி ஒன்றை அவன் கேட்டு வாங்கவில்லை. அதைக் கேட்டு எழுத இந்தக் கிழமை இரண்டு பேரும் உட்காருகிறோம், நல்ல சிங்களத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் உதவினால் நல்லது, இன்பொக்ஸில் வாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். 1977, 78 காலத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கணக்குப் புத்தகம், நூல் பங்கீட்டு அட்டை, சங்கக் கடிதம் எதுவானாலும் உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நானே வந்து படமெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். அந்தக் காலத்தில் தறியில் இருந்த மூத்தவர்கள் இருந்தால், அசருக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.